புடுங்குறதுதான் மலிவா? பல் வைத்தியச் செலவு பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

திருவண்ணாமலையில் ஒருத்தருக்கு நெஞ்சு வலி வந்தால் ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். காப்பீட்டு அட்டை எங்கே இருக்குன்னு வீட்டில் இன்னொருத்தர் தேடுவார். பல் வலிக்கு யாரும் அப்படி ஓடுறதில்லை. முதல் நாள் கிராம்பு. இரண்டாம் நாள் உப்புத் தண்ணி. மூணாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை. கன்னம் வீங்கின பிறகுதான் பல் டாக்டர் ஞாபகம் வரும். அவர் இரண்டு வழி சொல்வார். ரூட் கெனால் செஞ்சு கேப் போட்டால் பல் நிற்கும், சில ஆயிரம் ஆகும். பிடுங்கினால் சில நூறோடு வேலை முடியும். பாதிப் பேர் யோசிக்காமல் சொல்ற பதில் ஒண்ணுதான்: "புடுங்கிடுங்க டாக்டர்."

அவங்களைக் குறை சொல்ல முடியாது. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். ஒரு கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற பத்து நாள் கூலிக்கு மேல் போகும். சொத்தை அடைப்புக்கும் ரூட் கெனாலுக்கும் மருத்துவக் காப்பீடு பொதுவா உதவாது. விபத்தில் தாடை உடைஞ்சு படுத்தால் உதவும்.

பல் வைத்தியத்தில் மலிவு என்றால் பல்லை இழப்பது என்று எப்படி ஆச்சு? அதை மலிவாக்க முன்னாடி யார் யார் என்னென்ன செய்து பார்த்தாங்க? இந்தக் கேள்வியோடு கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம், வாங்க.

பூச்சி எடுத்த காலம்

சொத்தைப் பல்லை நம்ம பக்கம் இன்னமும் 'பூச்சிப் பல்'னு சொல்றவங்க இருக்காங்க. பல்லுக்குள் பூச்சி இருந்து அரிக்குது என்ற நம்பிக்கை அந்தப் பேரிலேயே இருக்கு. அதுக்கு நாட்டு வைத்தியத்தில் ஒரு முறையும் இருந்தது. கண்டங்கத்தரிப் பழ விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்கச் சொல்வாங்க. பிறகு பாத்திரத்துத் தண்ணியில் சின்னதா, வெள்ளையா, சுருண்டு ஏதோ மிதக்கும். பூச்சி விழுந்துடுச்சுன்னு காட்டுவாங்க.

இது நம்ம ஊர் வழக்கம் மட்டும்னு நினைச்சிட வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர் பல் வலிக்கு இதே மாதிரி ஒரு விதைப் புகையை எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்ன விதை, நாட்டு மருந்துக் கடையில் குரோசாணி ஓமம் என்று கிடைக்கிற அதேதான். பேரில் ஓமம் இருந்தாலும் அந்தச் செடி கத்தரிக் குடும்பம். கண்டங்கத்தரியும் அதே குடும்பம். சூட்டில் விதை வெடிக்கும்போது உள்ளே சுருண்டிருக்கிற முளை வெளியே வரும். பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். பூச்சியின் ரகசியம் அவ்வளவுதான்.

1728-ல் பாரிஸில் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கு ஒரு பெரிய நூல் எழுதினார். பல்லில் புழுவைத் தேடியும் தனக்குக் கிடைக்கவில்லை என்று அதில் பதிவு செய்தார். உண்மைக் காரணத்தை 1890-ல் வில்லோபி மில்லர் விளக்கினார்: வாயில் உள்ள கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் புளிக்க வைக்குது, அந்த அமிலம் பல்லைக் கரைக்குது.

புகை வைத்தியத்துக்குக் காசு அதிகம் ஆகாது. ஆனால் ஓட்டை ஓட்டையாவேதான் இருக்கும். மில்லருக்குப் பிறகுதான், வலி வருவதற்கு முன்னாடியே இதைத் தடுக்கலாம் என்பதற்கு ஒரு அறிவியல் அடிப்படை கிடைத்தது. இந்த விஷயத்தை மனசில் வைச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

மூணு லட்சம் பேருக்கு ஒருத்தர்

இந்தியாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920-ல் கல்கத்தாவில் வந்தது. தொடங்கினவர் ரஃபியுத்தீன் அகமது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் படிச்சுட்டு வந்தவர். அரசு பணம் கொடுத்து ஆரம்பிச்ச கல்லூரி இல்லை அது. அவர் ஒரு ஐஸ்கிரீம் கடை நடத்தி, அதில் வந்த வருமானத்தைப் போட்டுக் கல்லூரியை நடத்தினார் என்பது பல் டாக்டர்கள் மத்தியில் இன்றும் சொல்லப்படுகிற கதை. இனிப்பு விற்ற காசில் பல் வைத்தியம்! 1949-ல் கல்லூரியை மேற்கு வங்க அரசிடமே ஒப்படைச்சுட்டார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஐத்தான் இப்போ தேசிய பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுறாங்க.

அடுத்து பம்பாயில் 1933, லாகூரில் 1934 என்று கல்லூரிகள் வந்தன. மெட்ராஸ் காத்திருந்தது. 1946-ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை அன்றைய நிலையைக் கணக்காகக் கொடுக்குது. பிரிட்டிஷ் இந்தியாவில் தகுதி பெற்ற பல் மருத்துவர்கள் சுமார் 1,000 பேர். அதாவது 3 லட்சம் பேருக்கு ஒருத்தர். பிரிட்டனில் அப்போ 2,700 பேருக்கு ஒருத்தர்.

அந்த ஆயிரம் பேரும் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருந்திருப்பாங்க. அப்படின்னா வட ஆற்காடு மாவட்டத்து ஊர்க்காரங்க பல்லை யார் பார்த்தாங்க? பட்டம் இல்லாதவங்க. அப்பாவிடமோ மாமாவிடமோ தொழில் கத்துக்கிட்ட பல் கட்டுறவங்க, சந்தையிலும் திருவிழாவிலும் கடை விரிச்சவங்க, பல்லும் பிடுங்கத் தெரிஞ்ச நாட்டு வைத்தியர்கள்.

இந்த வரிசையில் சீனர்களையும் சேர்க்கணும். சீனாவின் ஹூபெய் மாகாணத்திலிருந்து கிளம்பின சில குடும்பங்கள் பல் கட்டுவதையே குலத்தொழில் மாதிரி வைச்சுக்கிட்டு இந்திய நகரங்களுக்கு வந்தாங்க. கல்கத்தாச் சீனர்களில் தச்சு வேலை ஒரு கூட்டம், தோல் வேலை ஒரு கூட்டம் என்றால், பல் வேலை ஹூபெய்க்காரங்களுடையது. சென்னையிலும் ஈவ்னிங் பஜார் பக்கம் 'சைனா பல் டாக்டர்' என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். இவங்ககிட்ட கூட்டம் போனதுக்குப் பெரிய காரணம், கட்டணம் குறைவு.

1948: ஒரு சட்டம், ஒரு கதவு

1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதில் பதிவேட்டை இரண்டாகப் பிரிச்சாங்க. பட்டம் உள்ளவங்க 'ஏ' பகுதி. பட்டம் இல்லாமலே குறைந்தது ஐந்து வருஷம் இந்தத் தொழிலையே பிழைப்பாக வைச்சிருந்தவங்க 'பி' பகுதி. ஏற்கெனவே தொழில் செய்கிறவங்க வயிற்றில் அடிக்காமல், அதே நேரம் இனிமே பட்டம் இல்லாமல் யாரும் வரக்கூடாது என்று கதவைச் சாத்துகிற ஏற்பாடு. ரெண்டுமே நியாயம்தான். பல் பிடுங்கும்போது ஊசி, ரத்தம், தொற்று எல்லாம் வருது; பயிற்சி கட்டாயம் வேணும்.

ஆனால் கதவைச் சாத்தினவங்க இன்னொரு கதவைத் திறந்தாங்களா? மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-ல் பல் மருத்துவப் படிப்பு ஆரம்பிச்சது. அதுதான் இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. தமிழ்நாடு அரசு தானே புதிதாகத் தொடங்கின அடுத்த பல் மருத்துவக் கல்லூரி புதுக்கோட்டையில், 2023-ல். நடுவில் 70 வருஷம்! 1980-ல் சிதம்பரத்தில் தொடங்கின ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி அரசு கைக்கு வந்ததும் ரொம்பப் பிந்தித்தான்.

இடைப்பட்ட காலத்தை நிரப்பினது தனியார் கல்லூரிகள். இன்று நாட்டில் 300-க்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. அதில் பெரும்பகுதி தனியார். லட்சக்கணக்கில் கட்டிப் படிச்சு, கடன் வாங்கி நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் வாங்கிப் போடுகிற இளம் டாக்டர் அந்தச் செலவை நோயாளியிடம்தான் எடுக்க முடியும். ஆட்கள் பற்றாக்குறை தீர்ந்தது, கட்டணப் பிரச்சினை தீரலை.

பல் செட்டின் விலை

எல்லாப் பல்லும் போனவருக்கு மலிவு என்பது பல் செட். அதுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பழைய காலத்தில் செட் என்றால் தந்தம் அல்லது தங்கம். பணக்காரங்க சமாச்சாரம். 19-ம் நூற்றாண்டு நடுவில் குட்இயர் கண்டுபிடிச்ச கெட்டி ரப்பரை வைச்சு அடித்தகடு செய்யலாம்னு ஆனதும் விலை சட்டென்று இறங்கியது. ஆனால் 1864-ல் அதற்கு ஒரு காப்புரிமை விழுந்தது. அந்த உரிமையை வாங்கின அமெரிக்க கம்பெனி, ரப்பர் செட் செய்கிற ஒவ்வொரு பல் டாக்டரும் உரிமக் கட்டணம் கட்டணும், ஒவ்வொரு செட்டுக்கும் தனியா பங்கு தரணும் என்றது. கட்டாதவங்க மேல் வழக்கு. 1879-ல் சான்பிரான்சிஸ்கோவில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் டாக்டர், அந்தக் கம்பெனிப் பொருளாளர் ஜோசையா பேக்கனைச் சுட்டே கொன்னுட்டார். 1881-ல் காப்புரிமை முடிந்த பிறகுதான் ரப்பர் செட் எல்லாருக்கும் பொதுவாச்சு.

1930-களின் கடைசியில் அக்ரிலிக் வந்து ரப்பரின் இடத்தைப் பிடித்தது. இன்று நம்ம ஊர் லேபில் செய்கிற இளஞ்சிவப்பு செட் இதுதான். பொருள் மலிவு, அளவு எடுத்து, மெழுகில் வைத்து, கடி பார்த்துச் சரிசெய்கிற கைவேலைக்குத்தான் காசு. அந்த வேலையைச் செய்கிற பல் மெக்கானிக்கையும் 1948 சட்டம் ஒரு தனிப் பிரிவாகவே பதிவு செய்யச் சொன்னது. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு மெக்கானிக்கும் ஒரு சின்ன லேபும் இருந்தால் வயசானவங்களுக்கு செட் எவ்வளவு குறைந்த செலவில் கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இலவசமாக் கொடுத்தால்?

சரி, எல்லாத்தையும் அரசே இலவசமாகக் கொடுத்துட்டா என்ன என்று கேட்கலாம். நம்ம சட்டம் வந்த அதே 1948-ல், ஜூலை 5 அன்று, பிரிட்டன் அதைச் செய்து பார்த்தது. தேசிய சுகாதார சேவையில் பல் வைத்தியமும் பல் செட்டும் இலவசம். அதுவரை வலியைப் பொறுத்துக்கிட்டிருந்த ஜனம் மொத்தமாக வந்து நின்றது. போட்ட கணக்கையெல்லாம் தாண்டிச் செலவு போச்சு. 1951-ல் பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிச்சாங்க. அந்தச் சேவையை உருவாக்கின அனைரின் பெவன் அதை எதிர்த்து மந்திரி பதவியையே ராஜினாமா செய்தார். அடுத்த வருஷம் மற்ற பல் சிகிச்சைகளுக்கும் கட்டணம் வந்துடுச்சு.

இதில் இரண்டு பாடம் இருக்கு. பட்ஜெட்டில் கை வைக்கணும்னா முதலில் கை போவது பல்லில்தான். உயிர் போகிற நோய் இல்லையே என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் உண்டு. இரண்டாவது, கெட்டுப்போன பிறகு சரிசெய்வதை மட்டும் இலவசமாக்கினால் எந்த கஜானாவும் தாங்காது.

பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்கள்

நியூசிலாந்து வேறு வழியில் போனது. 1921-லிருந்தே பள்ளிப் பல் செவிலியர்களை இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து அனுப்பினாங்க. பிள்ளைகளின் சொத்தையைச் சின்னதா இருக்கும்போதே அடைப்பது அவங்க வேலை. பெரிய கிளினிக் வேணாம், பிள்ளை ஒரு நாள் படிப்பை விட வேணாம்.

இந்த ஏற்பாடு நமக்குப் பக்கத்திலேயே வந்தது. 1950-களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு இலங்கை மகரகமவில் பயிற்சி தொடங்கி, பள்ளிப் பல் சிகிச்சையாளர்களை உருவாக்கியது. நம்ம 1948 சட்டத்தில் பல் சுத்தம் செய்கிற பணியாளர் இருந்தார், மெக்கானிக் இருந்தார். பள்ளிக்கூடத்தில் போய் சொத்தை அடைக்கிற செவிலியர் என்று ஒரு பிரிவு அதில் இருக்கலை. 2023-ல் தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகள் பல்லைப் பரிசோதிக்க 'புன்னகை' என்று ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் சொத்தை இருக்குன்னு சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் பல் அடைபடாது. அதே பள்ளிக்கூடத்தில், அதே வாரம் அடைக்கணும்.

அதுக்குக் கரண்ட், நாற்காலி, ட்ரில் எல்லாம் வேணுமேன்னு கேட்டால், வேணாம். 1980-களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃப்ரென்கன் ஒரு முறையைச் செய்து காட்டினார். கையால் பிடிக்கிற சின்னக் கரண்டி மாதிரிக் கருவியால் அழுகினதைச் சுரண்டி எடுத்துட்டு, கிளாஸ் அயனோமர் என்ற பசையை வைச்சு அடைச்சுடலாம். பெரும்பாலும் மரத்துப் போகிற ஊசிகூடத் தேவையில்லை. அந்தப் பசை 1970-களில் லண்டன் அரசு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1994 உலக சுகாதார தினத்தன்று உலக சுகாதார நிறுவனமே இந்த முறையை முன்வைத்தது. பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள சின்னச் சொத்தைக்கு இது நன்றாகவே நிற்கும். பல பக்கம் உடைந்த பல்லுக்கு அவ்வளவு நிற்காது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்று ஒரு திரவமும் இருக்கு. தடவினால் சொத்தை பரவாமல் நிற்கும், அந்த இடம் கறுப்பாகும். விழப்போகிற பால் பல்லுக்குக் கறுப்பு ஒரு குறையா?

கிளாஸ் அயனோமர், இந்தத் திரவம், ஃபுளோரைடு பற்பசை மூணையும் 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பாராசிட்டமால் இருக்கிற அதே பட்டியல்.

பற்பசை என்றதும் ஒரு வார்த்தை. நம்ம தலைமுறைகள் நஞ்சன்கூடு பல்பொடி, இலங்கை வானொலி விளம்பரத்தில் கேட்ட கோபால் பல்பொடி, கரித்தூள், செங்கல் பொடி என்று விரலால் தேய்த்து வளர்ந்தவை. தேய்த்தது நல்லதுதான், செங்கல் பொடிதான் பல்லையும் சேர்த்துத் தேய்த்தது. சொத்தையைத் தடுக்கிற சரக்கு ஃபுளோரைடு. டப்பாவில் 1000 பிபிஎம் அளவில் ஃபுளோரைடு இருக்கான்னு பாருங்க, விலை உயர்ந்ததா என்று பார்க்க வேணாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டாணி அளவுக்கு மேல் வைக்காதீங்க, விழுங்க விடாதீங்க. பக்கத்து கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நிலத்தடித் தண்ணியிலேயே ஃபுளோரைடு அதிகமாகிப் பல் கறை பிடித்த கதை நமக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசைக்கும் பிரஷுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பல் வைத்தியச் செலவைக் குறைச்ச ஒரு நடவடிக்கையாகவே அதைப் பார்க்கிறேன்.

மலிவுக்கும் ஒரு எல்லை

2023-ல் பக்கத்து மாவட்டத்து வாணியம்பாடியில் நடந்ததை மறக்கக் கூடாது. ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்தவங்களில் பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. எட்டுப் பேர் இறந்துட்டாங்க. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசுப் பொது சுகாதாரத் துறையும் தேடிப் போனபோது, ஏற்கெனவே திறந்து சரியா மூடாமல் மறுபடி மறுபடி பயன்படுத்தின சலைன் பாட்டிலில் போய் நின்றது. புது பாட்டில் என்ன விலை இருக்கும்? கருவியைக் கொதிகலனில் வேக வைப்பது, ஊசியை ஒரு தடவைக்கு மேல் தொடாதது, சலைனைப் புதிதாகத் திறப்பது, இந்த மூணிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. கட்டணம் குறைவான இடத்துக்குப் போனாலும் இதைத் தைரியமாக் கேளுங்க.

திருவண்ணாமலைக்கு வருவோம்

2011 கணக்குப்படி நம்ம மாவட்டத்தில் 24 லட்சத்து 64 ஆயிரம் பேர். மாவட்டம் 1989-ல் பிரிந்தது. மருத்துவக் கல்லூரி 2013-ல் வந்தது. நகராட்சி 2024-ல் மாநகராட்சி ஆச்சு. இத்தனை வந்த ஊரில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வரணும்னு கேட்கலாம், கேட்கணும். ஆனால் கல்லூரி வந்தாலும் ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு பாட்டி பல் வலியோடு இரண்டு பஸ் மாறி வரணும்னா அந்த நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். வைத்தியம் இலவசமா இருந்தாலும் அவருக்கு அது இலவசம் இல்லை.

அதனால் கேட்க வேண்டியதைச் சின்னதாவே கேட்கலாம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிளாஸ் அயனோமரும் நாலு கைக்கருவியும். பள்ளிப் பரிசோதனை அன்றைக்கே அடைப்பு. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பல் செட் லேப். இதில் எதுக்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. எல்லாம் குறைந்தது முப்பது வருஷமாவது கையில் இருக்கிற விஷயம்.

அடுத்த தடவை தாலுகா ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குப் போனால், அல்லது யாரையாவது அழைச்சுட்டுப் போனால், வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "டாக்டர், இங்க அடைப்பீங்களா, இல்ல புடுங்க மட்டும்தானா?" அடைக்கப் பசை வரலைன்னு பதில் வந்தால், யாரிடம் எழுதிக் கேட்கணும்னும் அவரிடமே கேளுங்க. பெரும்பாலான டாக்டர்கள் சந்தோஷமாகவே சொல்வாங்க. நல்லா இருக்கிற பல்லைப் பிடுங்கணும்னு யாரும் ஐந்து வருஷம் படிச்சுட்டு வரலை.